கெண்டல்சாரியில் தங்கிவிட்ட கை

ரெத்னோவின் வலது கை கெண்டல்சாரி மலைப் பள்ளிக்கூட வாசலில் தங்கிவிட்டது. மீதி ரெத்னோ உருளைக்கிழங்கு லாரியில் ஊர் போய்ச் சேர்ந்தாள். ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. அன்று அவளுடைய ஆசிரியப் பயிற்சியின் கடைசி நாள். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆசிரியரின் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு விடைபெறுவார்கள். வரிசை முடியுமுன் ஆசிரியர் கையை இழுத்துக்கொள்ளக் கூடாது. லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் இவள் பாதியிலேயே ஓடினாள். செமராங் நகரில் ஒரு விடுதியில் வரவேற்பாளர் வேலை தயாராக இருந்தது. வேறு எந்தப் படிப்பிலும் இடம் கிடைக்காமல்தான் அவள் ஆசிரியர் கல்லூரிக்கே வந்தாள். நேர்காணலில் மட்டும், எல்லோரையும் போல, குழந்தைகள் என்றால் உயிர் என்று சொல்லிவைத்தாள்.

விடுதியில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. விருந்தாளிக்கு இடது கையால் சாவி கொடுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை! மூன்று மாதம் அலைந்துவிட்டு மலையேறி வந்தாள். கை அதற்குள் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தது.

"சார், என் கையக் குடுத்துடுங்க."

"நான் என்னம்மா கட்டியா வெச்சிருக்கேன்? கூப்பிட்டுப் பாரு," என்றார் தலைமையாசிரியர் கஸ்மான்.

கூப்பிட்டாள், கெஞ்சினாள், திட்டினாள். கை சாக்குக்கட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப இங்கயே எனக்கொரு வேலையாவது போட்டுக் குடுங்க."

கல்வி அலுவலகம் யோசித்துப் பதில் அனுப்பியது. பணியிடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. கை சோறு கேட்பதில்லை, விடுப்பு கேட்பதில்லை, நிரந்தரமாக்கு என்று நச்சரிப்பதும் இல்லை. ரெத்னோ விரும்பினால் சம்பளமில்லாத உதவியாளராக இருந்துகொள்ளலாம். வயிறெரிய ஒத்துக்கொண்டாள். கைக்கு வாய் இல்லாததால் அது எழுதுவதை இவள் உரக்கப் படித்தாள்.

"அக்கா, கை எழுதுறது ஒண்ணு, நீங்க படிக்கிறது ஒண்ணு!" என்று பின்வரிசை கத்தும்.

"அப்ப அதையே பேசச் சொல்லுடா!"

காலையில் பிள்ளைகள் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். இவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். வருடங்கள் இப்படியே போயின. அவளுக்கு நரைத்தது, கைக்குச் சுருக்கம்கூட விழவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் கல்லூரியிலிருந்து புதிய பயிற்சி மாணவிகள் வந்து, இந்தத் தொழிலில் இத்தனை காலம் நிலைத்து நிற்க எது தூண்டியது என்று கேட்பார்கள்.

"தூண்டவாவது! கை இங்க மாட்டிக்கிச்சு. நான் வேற எங்க போறது?" என்பாள் ரெத்னோ.

அவர்கள் அதை அர்ப்பணிப்பு என்று குறித்துக்கொண்டு, கையிடம் ஆசி வாங்கிக்கொண்டு போவார்கள்.