சுண்டு விசிலடிக்கும் இடம்

ஒரு வீடியோ கேமுக்கு இரண்டாம் பாகம் என்றால் புதிதாக ஒரு பொத்தான் வேண்டும் என்பது எங்கள் முதலாளி ரஷ்மியின் கொள்கை. முதல் பாகத்தில் எங்கள் மூஞ்சூறு சுண்டு ஓடும், குதிக்கும், மூக்கை ஆட்டிச் சுழன்று எதிரியைத் தட்டும். அதையே குழந்தைகளும் அவர்களைவிட மோசமாக அவர்களுடைய அப்பாக்களும் விரல் தேய விளையாடினார்கள். இரண்டாம் பாகத்தில் சுண்டு விசிலும் அடிக்கும். அடித்தால் பொட்டு என்ற மின்மினி எங்கிருந்தோ பறந்து வந்து இருட்டில் வெளிச்சம் காட்டும், எட்டாத கிளையிலிருந்து வேர்க்கடலையை உதிர்த்துவிடும்.

கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர். கட்டங்களை அமைப்பது என் வேலை. எங்கே பள்ளம், எங்கே மேடை, எந்த இடத்தில் ஆள் எரிச்சலாகித் திட்டுவான் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவள் நான்தான். வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறிப் போவேன். மற்ற நாட்களில் கோலார் தங்கவயலில், ஊரிகத்தில் அண்ணன் திலீப் வீட்டு ஹால்தான் ஆபீஸ்.

அந்த ஆட்டத்தில் சுரங்கக் கட்டம் முழுக்க முழுக்க என்னுடையது. தங்கவயலில் பிறந்து வளர்ந்துவிட்டு, காடும் அருவியும் மட்டும் வைத்தால் எனக்கே வெட்கமாக இருக்காதா? சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறிச் சுண்டு கீழே இறங்கும். தண்டவாளத்தில் வரும் தள்ளுவண்டிகளைத் தாண்டிக் குதிக்கும். நடுவில் ஒரு கும்மிருட்டு. அங்கே விசிலடித்தால் பொட்டு வந்து பள்ளங்களைக் காட்டும். பிறகு வேறொரு கேஜில் மேலே வந்தால் வெயில், பின்னால் வரிசையாகச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், பக்கத்தில் ஒரு கொடி. கொடியைத் தொட்டால் கட்டம் முடிந்தது.

ஆபீஸில் விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் சுலபமாக முடித்தார்கள். ஊரில் மூன்று பேரை உட்கார வைத்தேன். மூன்று பேரும் அந்தக் கும்மிருட்டில் சிக்கிக்கொண்டார்கள்.

முதல் ஆள் என் அண்ணி லதா. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சுண்டுவின் முதல் பாகத்தை ஒரு கடலை விடாமல் பொறுக்கி முடித்தவள். விளையாட்டில் அவளுக்கு இருக்கிற வேகம் சமையலில் இருந்தால் அண்ணன் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பான். அப்படிப்பட்டவள் அந்த இருட்டில் விழுந்தாள், மறுபடி விழுந்தாள், விழுந்துகொண்டே இருந்தாள். திரையின் மூலையில் விசில் படம் மினுக்கிக்கொண்டிருந்தது. அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆள் எதிர் வீட்டு இன்பராஜ், ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். மூன்றாவது, அண்ணியின் சிநேகிதி ஐடா டீச்சர். அவர்களும் அதே இடத்தில் அதே மாதிரிதான் விழுந்தார்கள்.

விசில் படம் சின்னதாக இருக்கிறதோ என்று பெரிதாக்கினேன். நிறத்தை மாற்றினேன். அதை ஆடவைத்தேன். கடைசியில் மானத்தை விட்டு, "விசில் அடி!" என்று நடுத்திரையில் எழுதியே வைத்தேன். அண்ணி அதைப் படித்தாள். வாய்விட்டே படித்தாள். பிறகு விசிலடிக்காமல் தாவிப் பள்ளத்தில் விழுந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியம் வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய தோட்டக் கட்டத்தில் இதே அண்ணி தேவையில்லாத இடத்தில்கூட விசிலடித்துக் கும்மாளம் போட்டாள். பொட்டுவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விரட்டினாள். ஆக, பொத்தான் தெரியும், அது எதற்கென்றும் தெரியும். அப்புறம் ஏன்?

நடந்ததை ரஷ்மியிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் நிதானமாகக் கேட்டுவிட்டுக் கன்னடத்தில், "அமலா, தோட்டமும் அருவியும் நல்லா இருக்கு. சுரங்கத்தை எடுத்துடலாம். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேயே வரேன். எனக்கும் உங்க ஊர் ஆளுக்கும், யாரும் சொல்லித் தராம அது ஓடணும். ஓடலைன்னா எடுத்துடுவேன்," என்றாள். ரஷ்மி கெட்டவள் இல்லை. சொன்னால் செய்கிறவள், அதுதான் பிரச்சினை.

இந்தக் கட்டம் போய்விட்டால் இரண்டாம் பாகத்தில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு தென்னந்தோப்புதான் மிஞ்சும். மறுநாள் நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணியின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தோட்டத்தில் அவளுடைய வலது கட்டைவிரல் விசில் பொத்தான் மேலேயே இருந்தது. சுண்டு கேஜுக்குப் பக்கத்தில் வந்தது. கேஜின் கதவு மூடியது. உடனே அந்தக் கட்டைவிரல் பொத்தானை விட்டு இறங்கி, கண்ட்ரோலருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. சுண்டு மேலே வந்தால்தான் அது திரும்பி வரும் போலிருந்தது, ஆனால் சுண்டுதான் மேலே வரவே இல்லையே.

"அண்ணி, அந்த விரலை ஏன் எடுத்தீங்க?"

"எந்த வெரலு?"

"விசில் பொத்தான்ல இருந்த விரலு. கேஜ் இறங்கினதும் எடுத்துட்டீங்க."

அவள் தன் கையை வேறு யாருடைய கையோ மாதிரி திருப்பிப் பார்த்தாள். "அட ஆமா. இன்னாடி இது!" என்று சிரித்தாள். பிறகு, "மைனுக்குள்ள போயி யாராவது விசில் அடிப்பாங்களா?" என்றாள். செருப்புக் காலோடு சாமி அறைக்குள் போவார்களா என்று கேட்கிற தொனி அது.

"ஏன், அடிச்சா என்ன?"

"தெர்ல. அடிக்கக் கூடாது, அவ்ளோதான். எங்க நைனா அடிக்க மாட்டாரு. எங்க லைன்ல யாருமே அடிக்க மாட்டாங்க. ஒனக்கு எங்க தெரியப் போவுது, நீ குவார்ட்டர்ஸ் பொண்ணு."

அது உண்மைதான். எங்கள் அப்பா கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நாங்கள் வளர்ந்தது தொழிற்சாலைக் குடியிருப்பில். அண்ணி நந்திதுர்க் லைன் வீட்டில் பிறந்தவள், அவளுடைய அப்பா கடைசிவரை சுரங்கத்தில் இருந்தவர். ஒரே ஊரில் இருந்துகொண்டு நான் சுரங்கத்தின் கோபுரத்தை மட்டும் பார்த்து வளர்ந்திருக்கிறேன். அண்ணியும் ஒரு நாள்கூடக் கீழே இறங்கியவள் இல்லை. சுரங்கம் மூடும்போது அவள் பள்ளிக்கூடப் பெண். இருந்தும் அவள் கட்டைவிரலுக்கு அந்த விஷயம் தெரிந்திருக்கிறது! எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு.

ஓடிப்போய் இன்பராஜிடம் கேட்டேன். அவர் ஒரு ஃபிரிட்ஜின் முதுகைத் திறந்து வைத்திருந்தார்.

"அட, ஆமாம்மா, நானும் அடிக்கல இல்ல?" என்று அவரும் வியந்தார். "எங்கப்பா சொல்வாரு, பாறை ஒடையறதுக்கு முன்னாடி சத்தம் குடுக்கும். சின்னதா, முறுக்கு கடிக்கிற மாதிரி. அத்த கேட்டுக்கினே வேலை செய்யணும். எவனாவது விசிலடிச்சிக்கினு இருந்தா அது எப்டிம்மா காதுல வுழும்? அவன் மட்டுமா மாட்டுவான், கூட கீறவங்களும்தான் மாட்டுவாங்க."

"நீங்க கீழ போயிருக்கீங்களா?"

"நான் எங்க போனேன்? ஃபிரிட்ஜிக்குப் பின்னாலதான் போவேன்."

வீட்டுக்கு வந்து கட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன். சுரங்கத்துக்குள் விசிலடித்தால் இனி மின்மினி வராது, மேலிருந்து கல் விழும். பொட்டு வரவேண்டுமானால் சுண்டு அசையாமல் நிற்க வேண்டும். நின்றால், கொஞ்ச நேரத்தில் பொட்டு தானாகவே வந்து அதன் மூக்கில் உட்காரும். இசையை அடியோடு எடுத்துவிட்டேன். பாறை விழுவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு விலகிக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சத்தத்துக்காக அண்ணனை உட்கார வைத்து முறுக்கு கடிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். அவன் தேவைக்கு மேலேயே ஒத்துழைத்தான்.

"ஒங்க அண்ணன் பல்லு சத்தத்துல எவன் ஓடப் போறான்?" என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து. புதிதாக என்ன செய்திருக்கிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரஷ்மி காரில் வந்து இறங்கினாள். காப்பி குடித்தாள், அண்ணன் கடித்து மிச்சம் வைத்த முறுக்கைத் தின்றாள், கண்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். அவளுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கும்மிருட்டு வந்ததும் அவள் நேராக விசிலடித்தாள். கல் விழுந்து சுண்டு தட்டையானது. "ஏய்!" என்று என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த முறையும் அடித்தாள், அடுத்த முறையும் கல். அதற்கடுத்த முறை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா நின்றாள். பொட்டு மெதுவாக வந்து சுண்டுவின் மூக்கில் உட்கார்ந்தது. ரஷ்மி கண்ட்ரோலரோடு முன்னால் சாய்ந்தாள். முறுக்குச் சத்தம் கேட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். சுண்டுவை ஒரு அடி பின்னால் இழுத்தாள். அது நின்றிருந்த இடத்தில் பாறை விழுந்தது.

அதன் பிறகு அவள் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டாள். மேலே வந்து கொடியைத் தொட்டதும், "புதுப் பொத்தானைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா, அதை அழுத்தாம இருக்கறதுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கே. உனக்குத் திமிர்தான்," என்றாள். எடுத்துவிடுவதாகவும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. அண்ணியைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேஜ் இறங்கியது, கட்டைவிரல் ஒளிந்தது. கும்மிருட்டில் வழக்கமாகப் பாய்கிறவள், இசை நின்றுபோனதைக் கவனித்து நின்றுவிட்டாள். பொட்டு வந்தது. "வாடி என் தங்கம்," என்று கிசுகிசுத்தாள். பாறைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று, ஒதுங்கி, போய்க்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூடச் சாகவில்லை. அண்ணனின் பல் சத்தத்துக்கு அவள் சிரிக்கவும் இல்லை. ரஷ்மி திரையைப் பார்ப்பதை விட்டு அண்ணியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேஜ் மேலே ஏறியது. வெயில் வந்தது. இரண்டே தாவலில் கொடி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி கொடியைத் தொடவில்லை. சுண்டுவைத் திருப்பி, பின்னால் சும்மா அழகுக்கு நான் வரைந்து வைத்திருந்த லைன் வீடுகளுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். கட்டைவிரல் மேலே வந்தது. விசிலடித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அங்கே எதையும் நான் வைத்திருக்கவில்லையே! அவள் கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தாள்.

"இன்னா அமலா, வீட்ல யாரும் இல்லியா?" என்றாள்.

"அண்ணி, அது வெறும் படம்."

"மேல வந்தா விசிலடிப்பாங்க இல்ல? எங்க நைனா ஷிஃப்ட் முடிஞ்சி வரும்போது லைன் திரும்பற எடத்துல அடிப்பாரு. ஒடனே எங்கம்மா கதவத் தொறந்து வெச்சிட்டு அண்டாவுக்கு அடியில வெறகத் தள்ளும். குளிக்கத் தண்ணி காயணும்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விசிலு. எங்க வீட்டு விசிலு எனக்குத் தெரியும்."

"இப்பவும் அடிப்பாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

"மைனு மூடின பொறவு அவரு அடிக்கவே இல்ல," என்றாள் அண்ணி, திரையைப் பார்த்தபடியே. "அடிங்க நைனான்னு நாங்க எல்லாம் கெஞ்சுவோம். கீழ போவாதவன் மேல வந்தேன்னு எப்டி அடிக்கறதுன்னு கேப்பாரு. சாகற வரைக்கும் அடிக்கல."

ரஷ்மிக்குத் தமிழ் பாதி புரியும். மீதியை நான் கன்னடத்தில் சொன்னேன். அவள் அதைக் கேட்ட பிறகு என் லேப்டாப்பை எடுத்து என் மடியில் வைத்தாள்.

ஒரு கதவைத் திறக்க வைப்பது பெரிய வேலை இல்லை. அங்கேயே உட்கார்ந்து செய்தேன். வரிசையில் ஒரு வீட்டின் கதவைப் பிரித்து, விசில் கேட்டால் திறக்கும்படி கட்டினேன். உள்ளே வரைய நேரமில்லாததால் வெறும் மஞ்சள் வெளிச்சம் மட்டும் வைத்தேன்.

அண்ணி மறுபடியும் முதலிலிருந்து போனாள். கீழே இறங்கினாள், நின்றாள், கேட்டாள், ஒதுங்கினாள், மேலே வந்தாள். வீடுகளுக்கு எதிரே நின்று விசிலடித்தாள். கதவு திறந்தது.

அவள் சுண்டுவை அந்த வெளிச்சத்துக்குள் நடத்தப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லாததால் சுண்டு வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அண்ணி விடாமல் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கட்டம் எங்கயும் போகலை," என்றாள் ரஷ்மி என்னிடம். "ஆனா அந்த வீட்டுக்குள்ள ஏதாவது வரையணும். என்ன வரையப் போறே?"

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"சுடுதண்ணி," என்றாள் அவள். கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.