மூன்றாவது பெஞ்ச்

டிவி போட்டியில் ஜப்பான்காரர்கள் சேற்றில் விழுவதற்குத் தமிழில் காரணம் கண்டுபிடிப்பதுதான் ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுகிறவனுக்கு வேலை. சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் உண்டு. தலையில் ஹெல்மெட், முட்டியில் பஞ்சுப்பட்டை கட்டிக்கொண்டு நூறு பேர் வரிசையாக வருவார்கள். சோப்பு பூசிய சரிவில் ஏற வேண்டும், குட்டையில் மிதக்கிற பீப்பாய்களைத் தாண்ட வேண்டும், எதிரே ஊசலாடி வருகிற ராட்சதத் தலையணைக்குத் தப்ப வேண்டும். தொண்ணூற்றெட்டுப் பேர் விழுவார்கள். அவர்கள் அங்கே உண்மையில் என்ன பேசினார்கள் என்பது இங்கே ஒரு ஜீவனுக்கும் தெரியாது. மொழிபெயர்ப்பு என்று ஒன்று முதல் வாரம் வந்தது, அதோடு சரி. மீதியெல்லாம் ரேடியோவும் அவன் கூட்டாளி கட்டைக்குரலும் ஒலிப்பதிவு அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே அடித்துவிடுகிற கதைதான்.

ஒருத்தர் விழுவதற்குள், பத்து வினாடியில், அவருக்கு ஒரு குடும்பம், ஒரு தொழில், ஒரு குறை கொடுத்தாக வேண்டும். வாரத்துக்கு நூறு பேருக்கு எங்கே போவது? வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ரேடியோவுக்குத் தெரிந்தவர்களில் சேற்றில் விழாதவர்கள் குறைவு. பல் டாக்டர் விழுந்தாயிற்று, வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு முறை விழுந்தாயிற்று. அவனுக்கு அந்தப் பட்டப்பெயரை ஐந்து வயதில் வைத்தவள் அவன் அக்கா. நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லாத ரேடியோ என்பாள். அவளையே மூன்று முறை தள்ளிவிட்டிருக்கிறான். அவள் டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஒரே ஒரு சங்கடம், ஒன்றரை மணி நேரம் கத்தினால் அவன் தொண்டை கட்டிவிடும். வெந்நீர் குடிக்க வெளியே போய்விடுவான். கடைசியில் வருகிற மெதுவோட்டக் காட்சிக்குக் கட்டைக்குரல் தனியாகவே பேசி முடித்துவிடுவார். பல மாதமாக அப்படித்தான் நடக்கிறது.

அன்று நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு எடிட்டர் அம்மாள் போன் செய்தாள்.

"தம்பி, நாலு நாள் முன்னாடி பதிவு பண்ணீங்களே, அதுல அந்த அடையாள அட்டை ஜோக் இருக்கே, பிரமாதம். சரியா இடைவேளைக்கு முன்னாடி வர்ற மாதிரி வச்சிருக்கேன்."

"எந்த அட்டை ஜோக், மேடம்?"

"நீங்க சொன்னது உங்களுக்கே ஞாபகம் இல்லையா? பார்க், மூணாவது பெஞ்ச்."

அவன் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினான்.

விஷயம் இதுதான். அவன் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மேற்பார்வையாளராக இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அத்தான் வீட்டில் சொல்லவில்லை. காலையில் சட்டை போட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டி, அக்கா கட்டிக் கொடுக்கிற டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்புவார். ஸ்டூடியோவுக்கு எதிரே இருக்கிற பார்க்கில், வாசலிலிருந்து மூன்றாவது பெஞ்சில் உட்காருவார். சாயங்காலம் வீட்டுக்குப் போவார். மூன்று வாரத்துக்கு முன்னால் வெந்நீர் குடிக்க ஜன்னல் பக்கம் போன ரேடியோவின் கண்ணில் பட்டுவிட்டார்.

இறங்கி ஓடினான். அத்தான் எழுந்திருக்கவில்லை.

"உங்க அக்காகிட்ட நானே சொல்றேன்" என்றார். "ஒரு இடத்துல நேர்காணல் இருக்கு. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை. கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அன்னைக்குச் சொல்லிடுவேன். அதுவரைக்கும் உன் வாயைக் கொஞ்சம் கட்டிப் போடு. என்னால இதை வேற யார் வாயிலயும் கேக்க முடியாது."

"சத்தியமா, அத்தான்" என்றான் ரேடியோ. மனதாரத்தான் சொன்னான். அந்தத் திங்கட்கிழமைக்கு இப்போது மூன்றே நாள்தான் பாக்கி.

என்ன மனுஷன் இவன் என்று நீங்கள் கேட்கலாம். அவனும் அதைத்தான் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னையே கேட்டுக்கொண்டு போனான். திரையில் ஒரு ஜப்பான்காரர் கழுத்தில் எண் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அது நனையக்கூடாதென்று ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி பீப்பாய் மேல் தாவினார். அவ்வளவுதான். அத்தனை நாளாக உள்ளே கிடந்தது தானாக வெளியே வந்து விழுந்துவிட்டது. விழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

கோப்பு நான்கு மணிக்குச் சேனலுக்குப் போய்விடும். ஆறரைக்கு ஒளிபரப்பு. அக்கா வீட்டில் ஆறரைக்கு யாரும் வேறு வேலை பார்க்க மாட்டார்கள்.

ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது மணி இரண்டு. எடிட்டர் அம்மாள் அந்த இடத்தை ஓட்டிக் காட்டினாள். அவன் குரல்தான். எவ்வளவு உற்சாகம் அந்தக் குரலுக்கு.

"சார் தினமும் ஆபீஸ் போறேன்னு கிளம்புவாரு. கழுத்துல அட்டை, கையில டிபன் டப்பா. ஆனா ஆபீஸே கிடையாது. பார்க்ல மூணாவது பெஞ்ச்."

கட்டைக்குரல் கேட்கிறார்: "வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா சாப்பாடு கட்டிக் குடுப்பாங்களா?"

பிறகு இருவரும் சிரிக்கிறார்கள். ஜப்பான்காரர் குட்டையில் விழுகிறார், அட்டையோடு.

"இதை எடுத்துடணும், மேடம்" என்றான் ரேடியோ.

"ஏன்?"

"வேலை போனவங்க மனசு கஷ்டப்படும்."

எடிட்டர் அம்மாள் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். குண்டானவர்களையும் சொட்டைத் தலைக்காரர்களையும் கூசாமல் குட்டையில் தள்ளியவன் அவன். பிறகு எழுந்து போய் ஜன்னல் வழியாக எதிரே பார்க்கின் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். அத்தான் அங்கேதான் இருந்தார். டிபன் டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திறந்துகொண்டிருந்தார். அட்டையைச் சாப்பாட்டில் படாதபடி சட்டைப் பைக்குள் செருகினார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கூட்டாளி விமானத்துல இருக்காரு. ராத்திரிதான் இறங்குவாரு. அவர் குரல்ல புதுசா ஒரு வார்த்தைகூட கிடைக்காது. நீங்க மட்டும் தனியாப் பேசினா சேனல்ல கேப்பாங்க. 'வீட்ல தெரியுமா'ங்கற அந்தக் கேள்வி இருந்தே ஆகணும். சிரிப்புக்குக் கவலை இல்ல, அவர் சிரிப்பு என்கிட்ட நாப்பது வகை இருக்கு, ஒண்ணை எடுத்து ஒட்டிடறேன். அந்தக் கேள்விக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற என்ன பொருந்தும்னு யோசிங்க. ஒம்பது வினாடி."

ஒன்பது வினாடி என்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்று அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றால் ஒன்றும் வரவில்லை. வீட்டில் தெரியுமா. எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வந்து அத்தானிடமே நின்றது. சார் திருட்டுத்தனமா சிகரெட் பிடிப்பாரு என்று ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். சாருக்கு இன்னொரு குடும்பம் இருக்கு என்றான், அது அதைவிட மோசம். மணி மூன்று. தொண்டை வேறு கட்டிக்கொண்டது. எட்டு முறை எடுத்தார்கள், எட்டும் செத்த குரல்.

"தம்பி, படத்தைப் பாருங்க" என்றாள் எடிட்டர் அம்மாள் வெளியிலிருந்து. "அந்த ஆளையே பாருங்க. வேற யாரையும் நினைக்காதீங்க."

பார்த்தான். அந்த ஜப்பான்காரருக்கு முகமெல்லாம் பயம். பீப்பாயை அல்ல, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னா பக்கெட் தண்ணிகூட பயம்."

"வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா அனுப்பியிருப்பாங்களா?"

பொருந்திவிட்டது. எடிட்டர் அம்மாள் சிரிப்பை ஒட்டினாள், தண்ணீர்ச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கினாள், தையல் தெரியவில்லை. மணி மூன்று ஐம்பது.

"மிச்சத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?" என்றாள். "அனுப்பறதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிக்கறேன்."

ரேடியோவுக்கு உட்காரக்கூட உடம்பில் தெம்பில்லை. அந்த ஒரு வாக்கியம் போனது, போதும் என்றிருந்தது.

"வேண்டாம் மேடம், மிச்சமெல்லாம் சரியாத்தான் இருக்கும். அனுப்பிடுங்க."

ஆறேகாலுக்கு அக்கா வீட்டில் இருந்தான். வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அக்கா சோபாவின் ஒரு ஓரத்தில் துவைத்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சியை மனப்பாடமாக ஒப்பிக்கிற பத்து வயது மகள் தரையில், டிவிக்கு மூன்றடி தூரத்தில். அத்தான் அப்போதுதான் உள்ளே வந்து, அட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னைக்கு வேலை ஜாஸ்தியா?" என்று அக்கா கேட்டாள்.

"எப்பவும் போலத்தான்" என்றார் அத்தான். ரேடியோவை ஒரு கணம் பார்த்தார், நன்றியோடு. ரேடியோ டிவியைப் பார்த்துக்கொண்டான்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. சோப்புச் சரிவில் ஏழெட்டுப் பேர் உருண்டார்கள். மகள் கைதட்டினாள். பீப்பாய்க் கட்டம் வந்தது. அட்டையைத் தூக்கிப் பிடித்த ஜப்பான்காரர் வந்தார்.

"சாருக்கு நீச்சல் தெரியாது" என்றது அவன் குரல்.

"வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா அனுப்பியிருப்பாங்களா?"

அக்கா ஒரு சட்டையை மார்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தானும் சிரித்தார். இடைவேளை வந்தது. ரேடியோ ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். அப்பாடா என்று அவன் வாய்விட்டே சொல்லிவிட்டான், வெயிலைச் சொல்கிறான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் தலையணை அடித்தது, பாலம் சாய்ந்தது, இரண்டு பேர் மட்டும் கரை சேர்ந்தார்கள். பிறகு படம் மெதுவாயிற்று. அன்றைக்கு விழுந்தவர்களைத் திரும்பக் காட்டுகிற இடம். முதல் ஆள் காற்றில் மெல்லக் கவிழ்ந்தபோது கட்டைக்குரலின் குரல் தனியாக எழுந்தது.

அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. இந்த இடத்தில் கட்டைக்குரல் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் செய்வார். முன்னால் சொன்ன ஜோக்குகளில் நல்லதாக நான்கைந்தைப் பொறுக்கி, அந்தந்த ஆள் விழும்போது திரும்பத் தொடுவார். ரேடியோ வெளியே வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பான். எடிட்டர் அம்மாள் மிச்சத்தையும் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டபோது சரி என்றிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

ரிமோட் எங்கே என்று பார்த்தான். துணிக் குவியலுக்கு அடியிலா, மகளின் மடியிலா. "பாப்பா, வேற சேனல் வை" என்றான். குரல் எழும்பவில்லை.

"இருங்க மாமா, முடியப் போகுது."

திரையில் அட்டைக்காரர் வந்தார். மெதுவாக, மிக மெதுவாக, அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி தண்ணீருக்குள் போனார்.

"மூணாவது பெஞ்ச் சார், எந்திரிங்க" என்றார் கட்டைக்குரல் பாசமாக. "ஆறு மணி ஆச்சு, பார்க்கைப் பூட்டப் போறாங்க. அட்டையைச் சரியா மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க. ஆபீஸ் எப்படின்னு கேட்டா, எப்பவும் போலத்தான்னு சொல்லுங்க."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி பாதியில் நிறுத்தினாள்.

"மாமா, யாரு மூணாவது பெஞ்ச்?" என்று மகள் திரும்பினாள். "முன்னாடி அப்படி யாரும் வரலையே. அவருக்கு நீச்சல்தானே தெரியாது?"

பன்னிரண்டு வருஷமாக வாயை வைத்துப் பிழைத்தவன். ஊமைப் படத்தைக் காட்டினாலும் பத்து வினாடியில் ஒரு குடும்பத்தையே உண்டாக்கிவிடுகிறவன். "அது வந்து" என்றான். "கட்டைக்குரல் சும்மா" என்றான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடு, ரேடியோ" என்றார் அத்தான். கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான் தாங்கவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும்தானே கேட்டேன்."

அட்டையைத் தலை வழியாகக் கழற்றினார். கயிற்றைச் சுற்றி, மடித்த துணிகள் மேல் வைத்தார்.

"நான்தான் அந்த ஆளு" என்றார் மனைவியிடம். "ரெண்டு மாசமா."

டிவியில் ரேடியோவும் கட்டைக்குரலும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எந்த வாரத்துச் சிரிப்போ. மகள் எழுந்து போய் சத்தத்தைக் குறைத்தாள்.

அக்கா அட்டையைக் கையில் எடுத்தாள். அதிலிருந்த போட்டோவைக் கட்டைவிரலால் துடைத்தாள். கத்துவாள் என்று ரேடியோ நினைத்தான். அழுவாள் என்று நினைத்தான்.

"போன மாசம் நாலு நாள் விடாம மழை பெய்ஞ்சுதே" என்றாள். "அப்போ எங்க இருந்தீங்க?"

அத்தான் காலடியிலிருந்த டிபன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்கேயேதான்" என்றார்.