ஒத்திகை ஆயர்

எவாரிஸ்ட் கூஸியை அதுவரை எதற்கும் யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. பந்தைத் துரத்தினால் மைதானத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கும். பாட்டுக் குழுவில் ஒரு வாரம் நின்று பார்த்தான். இசைக்குப் பொறுப்பான பிரதர் அன்செல்ம், "நீ வாயை மட்டும் அசைச்சா போதும்பா" என்று மென்மையாகச் சொல்லி வெளியே அனுப்பினார். குள்ளமான, உருண்டையான, சாதுவான பையன். புனித கலிஸ்து ஆண்கள் பள்ளியில் படித்த நானூறு பேரில் பாதிப் பேருக்கு அவன் பெயரே தெரியாது.

அப்படியிருக்க, பொன்விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அதே பிரதர் அன்செல்ம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் அளவு நாடாவோடு நுழைந்தார். மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் எவாரிஸ்டின் முன்னால் நின்றார்.

"எந்திரி."

அவன் களி உருண்டையை விழுங்கிவிட்டு எழுந்தான். பிரதர் அவன் உயரத்தை அளந்தார், இடுப்பை அளந்தார், முகம் மலர்ந்தார்.

"கிடைச்சுட்டார்டா நம்ம ஆயர்!"

விஷயம் இதுதான். நாற்பத்தைந்தாம் ஆண்டு விழாவில் பள்ளியின் மானம் கப்பலேறியிருந்தது. விருந்தினராக வந்த மறைமாவட்ட ஆயருக்கு முட்டிவலி. வாசலிலிருந்து பீடம்வரை அவர் ஆடி அசைந்து வருவதற்குள் பாட்டு தீர்ந்துபோய், பையன்கள் கடைசி வரியையே ஆறு முறை பாடினார்கள். ஏழாவது முறை மரக்கட்டைச் சைலஃபோன் அடிப்பவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. பாட்டும் ஆயரும் ஒன்றாகப் பீடத்தில் போய் நிற்க வேண்டும். அதற்கு அவரைப் போலவே நடக்கும் ஒருவனை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

"ஆயர் இடது கால ஊனி, வலது கால இழுத்து வைப்பார். பத்தடிக்கு ஒரு தடவ இடுப்புல கைய வச்சு நிப்பார். அப்புறம் தொண்டையச் செருமுவார். அப்படியே நட" என்றார் பிரதர்.

எவாரிஸ்ட் நடந்தான். கூடமே வாய்விட்டுச் சிரித்தது. ஆனால் பிரதர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "அப்பழுக்கில்ல" என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. குடை பிடித்தவன் எவாரிஸ்டின் நண்பன் கிளீட்டஸ் பாயோர். சிமெண்டுப் பையைக் கிழித்து ஒரு தொப்பி செய்து கொடுத்தார்கள். சமையற்காரர் களி கிண்டும் துடுப்பைச் செங்கோலாகத் தந்தார், கழுவித் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் வருஷப் பொடியன்கள் பன்னிரண்டு பேர் பூத்தட்டோடு முன்னால் போக வேண்டும். "திரும்பித் திரும்பி ஆயர் காலப் பாருங்க. அவர் நின்னா நில்லுங்க" என்று அவர்களுக்கு உத்தரவு.

பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மத்தான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. எவாரிஸ்ட் மட்டும் நிதானமாக இழுத்து இழுத்து நடந்தான்.

கேலி மூன்றாம் நாளே ஆரம்பித்தது. விடுதி வராந்தாவில் ஒருவன் மண்டியிட்டு, "ஆண்டகையே, என் மோதிரத்த... ச்சே, உங்க மோதிரத்த முத்தமிடலாமா?" என்றான். எவாரிஸ்ட் முகம் மாறாமல் கையை நீட்டினான்.

"கை கழுவிட்டியா மகனே?"

சிரிப்பில் வராந்தா அதிர்ந்தது. அடுத்த நாள் இருவர் வந்தார்கள், அதற்கடுத்த நாள் ஏழு பேர். விளையாட்டுக்குத்தான் வந்தார்கள், ஆனால் மண்டியிட்டவர்கள் எழுந்திருக்கும்போது நிஜமாகவே ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவனுக்குக் கணக்குப் பாடம் தலைகீழாய் நின்றாலும் ஏறவில்லை. இன்னொருவன் அப்பாவின் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இரண்டு மாதமாய்த் தள்ளிப்போட்டிருந்தான். எவாரிஸ்ட் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. காதுகொடுத்துக் கேட்டான். "இப்பவே எழுது, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்றான். அவ்வளவுதான்.

பூத்தட்டுப் பொடியன் பொலிகார்ப் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தான்.

"அண்ணே... ஆண்டகையே... அடிபம்புல காலைல நாலு மணிக்கே வாளி வச்சேன். பெரிய அண்ணனுங்க வந்து என் வாளியத் தள்ளிட்டு அவங்க பிடிச்சிக்கிட்டாங்க. தெனமும் இப்படித்தான். இன்னிக்கும் குளிக்கல."

எவாரிஸ்ட் தொப்பியை எடுத்து மாட்டினான். துடுப்பை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து அடிபம்புக்குப் போனான். பின்னால் ஒரு கும்பலே வந்தது. அங்கே மூன்றாம் வருஷத்து முரடர்கள் நின்றிருந்தார்கள்.

"மக்களே," என்றான், தொண்டையைச் செருமி. "காலைல வளாகம் பெருக்குறது யாரு?"

"பொடியனுங்க."

"அப்ப அழுக்காகுறது யாரு?"

எவாரிஸ்ட் துடுப்பால் பம்பைத் தட்டினான்.

"ஆறு மணி வரைக்கும் பம்பு அவங்களுக்கு. அப்புறம் உங்களுக்கு. மீறுனா சாபம்."

"என்ன சாபம்டா குண்டா?" என்று ஒருவன் சீண்டினான்.

"உன் பக்கத்துல நின்னு பாடுவேன்."

முரடனே முதலில் சிரித்தான். சிரித்தபின் எப்படி மறுப்பது? மறுநாள் பொடியன்கள் தலை சொட்டச் சொட்ட வகுப்புக்கு வந்தார்கள்.

விழா நாள் வந்தது. ஒத்திகை முடிந்துவிட்டதால் எவாரிஸ்டுக்கு வேலை இல்லை. பிரதர் அவனைக் கார்களை ஒழுங்குபடுத்த அனுப்பிவிட்டார். தொப்பி இல்லை, துடுப்பு இல்லை. கூட்டத்தில் பழையபடி யாரோ ஒருவன். மனசு கொஞ்சம் கனத்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு லாரிக்குக் கையை ஆட்டினான்.

ஆயரின் கார் வந்து நின்றது. கதவைத் திறந்து இறங்கியவர், பத்து வயது குறைந்தவர்போல் விறுவிறுவென்று நடந்தார். குமாசி நகரத்தில் முட்டிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட சங்கதி ஒருவருக்கும் தெரியாது!

பாட்டு இரண்டாம் சரணத்தில் இருந்தது. ஆயர் பூத்தட்டுக்காரர்களைத் தாண்டினார், சிலுவை தூக்கியவனைத் தாண்டினார், கோவில் படிக்கே போய்விட்டார். கிளீட்டஸ் வெகு பின்னால் வெறும் புழுதிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். பொடியன்கள் பார்ப்பதற்கு ஆயரின் கால் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் மோதிக்கொண்டார்கள். சைலஃபோன் நின்றது. பிரதர் அன்செல்ம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆயர் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா, எல்லாரும் அங்கயே நின்னுட்டீங்க?"

பொலிகார்ப்தான் பதில் சொன்னான். "நாங்க எங்க ஆயரோட நடந்துதான் பழகுனோம், ஆண்டகையே."

"உங்க ஆயரா? அது யாரு?"

நானூறு தலைகள் கார்கள் நின்ற பக்கம் திரும்பின. எவாரிஸ்டைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஆயர் அவனை மேலும் கீழும் பார்த்தார். தன் வயிற்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரி, காருகிட்டப் போயி முதல்லருந்து ஆரம்பிப்போம். நீ முன்னால நட. நான் பின்னால வர்றேன்."

எவாரிஸ்ட் காருக்கு முன்னால் போய் நின்றான். காலை இழுத்து நடந்தால் ஆயரை அவர் கண்ணெதிரிலேயே கேலி செய்ததாகும். நேராக நடந்தால் பாட்டு உதைக்கும். மூன்று வார உழைப்பு பாழ். பொடியன்களைப் பார்த்தான். பன்னிரண்டு பேரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சைலஃபோன் ஒலித்தது. இடது காலை ஊன்றினான். வலது காலை இழுத்தான். பத்தடியில் நின்று இடுப்பில் கை வைத்தான். தொண்டையைச் செருமினான்.

பின்னாலிருந்து இன்னொரு செருமல் கேட்டது.

ஓரக்கண்ணால் பார்த்தான். ஆயரும் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கியதில் அவர் தோள்கள் குலுங்கின. பிறகு அவரும் காலை இழுத்து வைத்தார். இரண்டு குள்ள உருவங்களும் ஒரே தாளத்தில் ஆடி ஆடிப் போக, பாட்டின் கடைசிச் சொல்லும் பீடத்தின் முதல் படியும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பிரதர் அன்செல்ம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விருந்தில் ஆயர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கினிக்கோழித் துண்டைத் தட்டில் வைத்தார்.

"மூணு வாரம் என் வேலையப் பாத்திருக்க. பசங்க என்னெல்லாம் கேட்டாங்க?"

எதிரே இருந்த தலைமை ஆசிரியர் ஃபாதர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அவங்க என்னை நம்பிச் சொன்னது, ஆண்டகையே. வெளிய சொல்லக் கூடாது" என்றான் எவாரிஸ்ட். "பம்பு விஷயம் மட்டும் ஊருக்கே தெரியும். அதச் சொல்றேன்."

சொன்னான். கேட்டுவிட்டு ஆயர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தலையசைத்தார். திங்கட்கிழமை அந்தப் பம்புத் தீர்ப்பு ஃபாதரின் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஏறியது.

அடுத்த மாதம் மாணவர் மன்றத் தேர்தல். எவாரிஸ்ட் தானாகப் போய்ப் பெயர் கொடுத்தான். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். அந்த மூன்றும் தான் பிடித்துக் கொடுத்தவை என்று கிளீட்டஸ் இன்றுவரை அடித்துச் சொல்கிறான்.