சூசையப்பர் படத்துக்குக் கீழே

எனக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்த நாளை என் மனைவி பிரிஜெட் மாதா திருநாளுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறாள். எனக்கு அது என் இரண்டு கைகளையும் பிடுங்கிக்கொண்ட நாள்.

ராணுவம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் வெள்ளைக்காரர்களுக்கு மேசை நாற்காலி செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்றில் மீசை முளைக்கும் முன்பே தச்சு வேலைக்குச் சேர்ந்தவன் நான். இழைப்புளி சரியாக ஓடும்போது பலகையிலிருந்து சுருள் எழுந்து என் மணிக்கட்டில் வந்து விழும். வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். மரத்தின் நார் எங்கே திரும்புகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் யாராவது என்னிடம் பேசினால் எனக்குக் கோபம் வரும். சம்பளத்துக்காகத்தான் வேலை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பளம் கொடுக்காவிட்டாலும் போயிருப்பேன். அதை மேனேஜரிடம் சொல்லாத அளவுக்குப் புத்தி இருந்தது.

மேனேஜர் ஹெர்பர்ட் துரைக்கு ஒரு வழக்கம். நன்றாக வேலை செய்கிறவனைக் கண்டால், அவனை அந்த வேலையைச் செய்யவிடாமல் உயர்த்திவிடுவார். எனக்கும் அதுதான் நடந்தது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி பட்டறையில் நடக்க வேண்டும். ஒரு தடவை ஒருவன் நாருக்கு எதிராக இழைத்துப் பலகையைக் குதறிக்கொண்டிருந்தான். பொறுக்காமல் அவன் கையிலிருந்து இழைப்புளியை வாங்கி நான்கு தள்ளுத் தள்ளினேன். துரை என்னை உள்ளே கூப்பிட்டு, கோட்டுப் போட்டவன் மரத்தைத் தொட்டால் கோட்டுக்கும் மரியாதை இல்லை, கம்பெனிக்கும் மரியாதை இல்லை என்று அரைமணி நேரம் உபதேசித்தார். ஆயுத பூஜைக்கு எல்லோரும் உளியையும் ரம்பத்தையும் கழுவிப் பொட்டு வைத்தபோது, பூஜைக்கு வைக்க என்னிடம் ஒரு பென்சில்தான் இருந்தது.

சரி, வீட்டிலாவது ஏதாவது செய்யலாம் என்றால் அங்கே பிரிஜெட். அவள் அப்பா ராணுவத்து மெஸ்ஸில் சமையல்காரர். ஊரே அவளைச் சமையல்காரர் மகள் என்றது, பிறகு தச்சன் பெண்டாட்டி என்றது. இப்போதுதான் கோயிலில் மிஸஸ் யூஜின் என்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. அதில் தப்புச் சொல்லவும் எனக்கு வாயில்லை. எங்கள் ஆஸ்டின் டவுனில் ஒரு வீட்டில் தும்மினால் நான்காவது வீட்டில் மருந்து சொல்வார்கள். சூப்பர்வைசர் வீட்டில் கொட்டாப்புளிச் சத்தம் கேட்கலாமா? என் ஆயுதப் பெட்டியை ஜெப மேசைக்கு அடியில் தள்ளி, மேலே தரைவரை தொங்கும் சரிகைத் துணியைப் போட்டுவிட்டாள்.

மேசைமேல் சூசையப்பர் படம். கையில் உளி, காலடியில் மரச்சுருள். அவர் தச்சராக இருக்கலாம், அவருக்குத் தினமும் மெழுகுவர்த்தி. நான் இருக்கக் கூடாது. சாயங்காலம் ஜெபமாலை சொல்ல முழந்தாளிட்டால் முட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் என் பெட்டி. துணி வழியாக எண்ணெய் வாசனை வரும். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்த பிறகும் நான் எழுந்திருக்க மாட்டேன். யூஜினுக்குத்தான் என்ன பக்தி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் எங்கள் ஒரே மகள் கேத்தரினுக்கு வரன் வந்தது. ஒக்கலிபுரத்து ரெமிஜியஸ், ரயில்வேயில் தலைமைக் கிளார்க். அவர் மகன் டென்சில் மிஷன் பள்ளியில் வாத்தியார். பையனைக் கோயில் பாட்டுக் குழுவில் கேத்தரினுக்குத் தெரியும். அவளுக்குப் பிடித்திருந்தது, எங்களிடம் அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ரெமிஜியஸ் கோட்டுப் போடாத வீட்டில் கைநனைக்க மாட்டார் என்று தரகர் எச்சரித்தார். கல்யாணம் முடிகிறவரை பெட்டியைத் தொடுவதில்லை என்று பிரிஜெட் என்னிடம் சத்தியம் வாங்கினாள். மகளுக்காக வாயைத் திறந்து சரி என்றேன். எலிப்பொறியில் நானே போய் உட்கார்ந்து கதவையும் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வாசல் கதவு வேங்கை மரம். அந்த வருஷத்து மழையில் அது உப்பிப்போய், திறக்கும்போதெல்லாம் நிலையில் உரசி முனகியது. இரண்டே தள்ளில் சரிசெய்கிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். பிரிஜெட் சத்தியத்தை ஞாபகப்படுத்தினாள்.

செப்டம்பரில் மாதா திருநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். ரெமிஜியஸ், அவர் மனைவி, டென்சில். ரெமிஜியஸ் கோட்டு சூட்டில் வந்தார், நானும் சூட்டில் இருந்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தோம். கேக்கும் காப்பியும் வந்தன. கம்பெனியில் எனக்குக் கீழே எத்தனை பேர் என்று அவர் விசாரித்தார், நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்போது காற்றோடு மழை அடித்துச் சாரல் உள்ளே வரவும், பிரிஜெட் ஓடிப்போய் கதவைத் தன் முழுப் பலத்தோடும் அறைந்து சாத்தினாள்.

மழை விட்டு அவர்கள் புறப்பட எழுந்தபோது கதவு திறக்கவில்லை.

நான் இழுத்தேன். டென்சில் இழுத்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வெளியே காத்திருந்த ஜட்காக்காரன் எட்டி உதைத்துப் பார்த்தான், நகரவில்லை. ஜன்னலுக்குக் கம்பி. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு ஃபாத்திமா ஜன்னல் வழியாக, பின்வாசலால் அனுப்பிவிடுங்களேன் என்றாள். பின்வாசலுக்கு வெளியே இருப்பது கக்கூஸ் வாளி எடுக்கிற வண்டி போகும் சந்து. பட்டுச் சேலை கட்டிய சம்மந்தியம்மாளை அந்த வழியாக நடத்துவதைவிடப் பிரிஜெட் உயிரை விட்டுவிடுவாள். ஒரு தச்சனைக் கூட்டிவரச் சொல்லலாம் என்றார் ரெமிஜியஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தத் தச்சன் வருவான்?

 மீந்த கேக்கைப் பார்த்துக்கொண்டு ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஜட்காக்காரன் குதிரையைத் திட்டுகிற சாக்கில் எங்களைத் திட்டினான். எனக்கு மூச்சு முட்டியது. டையைத் தளர்த்தினேன், அப்போதும் முட்டியது. பிரிஜெட் என்னையே பார்த்தாள். நான் சூசையப்பரைப் பார்த்தேன். அவரும் உளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்தார்.

கேத்தரின்தான் எழுந்தாள். ஜெப மேசைக்கு முன்னால் குனிந்து, சரிகைத் துணியைத் தூக்கி, பெட்டியை இழுத்து என் காலடியில் வைத்தாள்.

"செய்ங்கப்பா" என்றாள்.

"வேணாம் கேத்தி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்காகத்தான சும்மா இருக்கீங்க? நானே சொல்றேன், செய்ங்க."

கோட்டைக் கழற்றினேன். டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டேன். கீல்கள் உள்பக்கம்தான் இருந்தன. திருகாணிகளைக் கழற்றி, உளியால் நெம்பி, கதவை நிலையிலிருந்து பெயர்த்தெடுத்தேன். வெளியே நின்ற கூட்டம் அப்படியே உள்ளே தெரிந்தது. கதவை விளிம்பில் நிறுத்தினேன். கேத்தரின் புதுச் சேலையோடு ஒரு முனையை முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். சின்ன வயசிலிருந்தே எனக்குப் பலகை பிடித்தவள், அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுமுனை ஆடியது. டென்சில் அப்பாவைப் பார்த்தான். பிறகு வந்து பிடித்துக்கொண்டான்.

இழைப்புளித் தகட்டைக் கல்லில் தீட்டி, ஆப்பைத் தட்டிச் சரிபார்த்தேன். முதல் தள்ளு துருப் பிடித்த சத்தம். இரண்டாவது திக்கியது. மூன்றாவதில் சுருள் எழுந்து என் மணிக்கட்டில் விழுந்தது.

கதவு சரியாக அவ்வளவே போதும். மழைக்காலத்தில் உப்பிய கதவை அதிகம் இழைக்கக் கூடாது, வெயில் வந்தால் மரம் சுருங்கும். பட்டறையில் இதை நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான்காவது தள்ளு அதைவிட நன்றாக வந்தது. ஐந்தாவது அதைவிட. வேங்கையின் மஞ்சள் சாயம் என் வெள்ளைச் சட்டைக் கையில் ஏறியது. கீழ்ப்பக்கம் ஒரு முடிச்சு இருந்தது, அதைச் சுற்றி நார் திரும்பியது. நானும் திரும்பினேன். சம்மந்தியும் தெருவும் துரையும் எங்கோ போய்விட்டார்கள். என் தோள் இருந்தது, மரம் இருந்தது. இரண்டு வருஷப் பசிக்காரனுக்கு முன்னால் இலை போட்டால் போதும் என்று சொல்லத் தோன்றுமா?

"அப்பா, போதும்" என்று கேத்தரின் சொன்னது இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. அவள் மடியில் சுருள் குவிந்திருந்தது.

கதவை மறுபடி மாட்டினேன். ஒரு விரலால் தள்ளினாலே அசைந்தது. சாத்தினால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சுண்டுவிரல் போகிற இடைவெளி.

ரெமிஜியஸ் அந்த இடைவெளியைப் பார்த்தார், என் மஞ்சள் சட்டைக் கையைப் பார்த்தார். பிரிஜெட் சுவரோடு ஒட்டி நின்றாள். சம்பந்தம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். கேத்தரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"மிஸ்டர் யூஜின், அடுத்த சண்டே ஃப்ரீயா?" என்றார் ரெமிஜியஸ்.

"ஏன் சார்?"

"எங்க வீட்லயும் மழை வந்தா ரெண்டு கதவு இப்டித்தான். கிச்சன் கதவு ஜாம் ஆகி, போன மாசம் இவ உள்ளயே மாட்டிக்கிட்டா. கல்யாணத்துக்கு முன்ன சரி பண்ணிடலாம்னு பார்க்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இவ்ளோ இழைக்காதீங்க."

கல்யாணத்துக்கு முன்னே என்ற வார்த்தை பிரிஜெட்டின் காதில் விழ ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் கேத்தரின் உள்ளே ஓடிவிட்டாள்.

ஜட்கா போனது, தெருவும் கலைந்தது. பிரிஜெட் தரையில் உட்கார்ந்து சுருள்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அடுப்புக்கு ஆகும் என்றாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"நீங்க இழைக்கிறப்ப உங்க மூஞ்சியப் பார்த்தேன்" என்றாள். "கல்யாணத்தன்னிக்குப் பார்த்த மூஞ்சி. அப்புறம் அது எங்க போச்சுன்னு நான் யோசிக்கவே இல்லைங்க."

அவள் அழுதாள்.  நான் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். இந்த வழியாக எதிர்வீட்டு அடுப்பே தெரிகிறது, இனி இந்தக் கதவு உதவாது, புதுக் கதவுதான் போட வேண்டும் என்றாள். கம்பெனியில் சொல்லி ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"வாங்கிட்டு வந்து பாருங்க" என்றாள் பிரிஜெட்.

மறுநாள் வழக்கம்போல டை கட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டியபடி பட்டறையில் நடந்தேன். அது மாறவில்லை. ஆனால் பெட்டி இப்போது வாசல் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. ஜெப மேசைக்கு அடியில் ஒன்றுமில்லை. ஜெபமாலையில் பத்து மணி உருட்டுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. பிரிஜெட் முழங்கையால் இடித்து எழுப்புகிறாள்.