மஞ்சள் வட்டம்

1899ஆம் வருடம் பெரிய வெள்ளிக்கிழமைக்கு சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளின் நாடகம் போட ஏற்பாடானது. உடை தைக்கிற வேலை மரியகுழந்தைக்கு வந்தது. ரங்கூனில் ஒரு யூதர் வீட்டில் ஆயாவாக இருந்தபோது அவள் கற்றுக்கொண்ட தையல்.

அந்த வீட்டை அவள் நினைக்காத நாளில்லை. பிறந்த மூன்றாம் நாளே தன் குழந்தையைப் பறிகொடுத்தவள், அங்கே தாய்ப்பால் இல்லாமல் அழுத கைக்குழந்தை ரிபேக்காவுக்குப் பால் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது வீட்டு அம்மாள் விளக்கேற்றிவிட்டுத் தன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஜெபம் சொல்வாள். ரிபேக்கா ஓடிவந்து ஆயாவின் கண்ணைப் பொத்துவாள். அவளுக்கு ஐந்து வயதானபோது மரியகுழந்தையின் கணவன் டேவிட், தங்கச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர் திரும்ப முடிவு செய்தான். கப்பல்துறையில் ரிபேக்கா ஆயாவின் முந்தானையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துவிட்டவன் டேவிட்தான். அதன்பின் எட்டு வருடமாக அவன் அந்தப் பெயரை எடுத்ததே இல்லை.

நாடகத்தை நடத்திய அண்ணாவி ராஜப்பா, சுரங்க ஷாப்ட்டில் மண் சரியாமல் மரம் முட்டுக் கட்டுகிறவர். பழைய நாடகப் பிரதியைப் பிரித்து, யூதர் வேஷத்துக்கு மெழுகில் வளைந்த மூக்கும், அங்கியின் நெஞ்சில் மஞ்சள் வட்டமும் வேண்டும் என்றார். எதற்கு மஞ்சள் என்று கேட்டாள். பிரதியில் அப்படித்தான் இருக்கிறது என்றார். ரங்கூனில் யாரும் மஞ்சள் வட்டம் போட்டு அவள் பார்த்ததில்லை. மூக்கும் எல்லோருக்கும் இருப்பதுபோல்தான் இருந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் பிரெஞ்சுக்காரரான பங்குச் சாமியாரிடமே கேட்டாள். அவருக்கு அது தெரிந்திருந்தது. அறுநூறு வருடத்துக்கு முன் தங்கள் தேசத்து ராஜா, யூதர்கள் நெஞ்சில் மஞ்சள் வட்டம் தைத்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும் என்று சட்டம் போட்டதாகச் சொன்னார். பார்த்ததும் ஜனங்கள் ஒதுங்க வேண்டும், அதற்காக. பின்னால் வந்த ராஜாக்கள் அவர்களைத் தேசத்தை விட்டே துரத்திவிட்டார்கள். அதற்கப்புறம் யூதர் முகத்தையே பார்த்திராதவர்கள் எழுதிய நாடகம் இது. தமிழுக்கு வந்தபோது வட்டமும் கூடவே வந்துவிட்டது. இவ்வளவும் சொன்னவர், பழைய வழக்கம்தானே, தைத்துக் கொடுத்துவிடு என்று முடித்தார்.

மரியகுழந்தை மஞ்சள் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரிபேக்காவின் சின்னச் சட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். எழுந்து ராஜப்பாவிடம் போனாள்.

“மாதாவும் யூதப் பொம்பளதானே அண்ணாவி. அவங்க அங்கியிலயும் வட்டம் தெச்சிடட்டா?”

“இன்னா பேச்சும்மா இது?”

“ஆண்டவருக்கும் தைக்கணும். இல்லன்னா யாருக்கும் வாணாம்.”

ராஜப்பா கையை நீட்டினார். அவள் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கிக்கொண்டார். அதைத் தன் மனைவியிடம் கொடுத்துத் தைக்க வைத்தார்.

பெரிய வெள்ளி மத்தியானம் கோயில் மைதானத்தில் நிற்க இடமில்லை. மஞ்சள் வட்டம் போட்டவர்கள் மேடைக்கு வந்ததும் கூட்டம் ஊளையிட்டது. யாரோ மண்ணை அள்ளி வீசினார்கள். மரியகுழந்தை தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எந்த வேடிக்கையிலும் முதலில் சத்தம் போடுகிற டேவிட், அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாடகம் முடியும்முன்பே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் தெரியும் இடம் வந்ததும் டேவிட் நடையைத் தளர்த்தினான். அப்புறம் கேட்டான்.

“அந்தப் பாப்பாவுக்கு இப்போ இன்னா வயசு இருக்கும்?”

“பதிமூணு. இந்தத் தைக்குப் பதிமூணு முடிஞ்சுது.”

“ஒசரமா இருக்குமா?”

“அவங்கப்பா ஒசரம்தானே,” என்றாள் அவள். அவர்கள் வீட்டு வாசல் வந்துவிட்டது. இரண்டு பேருமே உள்ளே போகவில்லை.