இழப்பு என்ற கட்டம்

அன்று எங்கள் முன் அறையில் ஐந்து பேர் இருந்தோம். அம்பிகைபாகனாகிய நான், கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் தலைமை எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவன், என் மனைவி பத்மாதேவி, மகள் சிவமணி, மனைவியின் தம்பி சோதிலிங்கம், கண்டிச் சட்டத்தரணி மர்சூக். வேறொருவரும் இருக்கவில்லை. 1985 ஆகஸ்ட் மாதம், ஞாயிறு பின்னேரம், கண்டி மஹய்யாவ வாடகை வீடு.

சிவமணி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்று, கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். புதிய கண்டுபிடிப்புகளுக்கு அரசு வழங்கும் ஆக்கவுரிமை பற்றிய வழக்குகளையே நடத்தவேண்டும் என்பது அவள் பிடிவாதம். மடுல்கெல்லப் பக்கத் தோட்டமொன்றில் வீரய்யா என்ற தொழிலாளி தேயிலைச் சல்லடையில் செய்த மாற்றம் வேறொருவர் பெயரில் போனதை அவள் நேரில் கண்டிருந்தாள்.

அந்தத் துறைக்கென்றே கொழும்புச் சட்ட நிறுவனமொன்று புலமைப்பரிசில் அறிவித்தது. கலவரத்தில் உடைமை இழந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, நிறுவனத்தில் பயிற்சி, ஊரில் ஒரு வழிகாட்டி. கண்டிக்கு வழிகாட்டி மர்சூக். அது கிடைக்காவிட்டால் சிவமணி படிப்பை விடவேண்டும்.

எங்கள் வீட்டில் எந்தப் படிவத்தையும் நிரப்புவது நான். நான் எழுதியதை வாசிக்காமல் கையெழுத்திடுவது மற்றவர்களின் வழக்கம். புலமைப்பரிசில் படிவத்திலும் அவள் அப்படியே செய்திருந்தாள்.

மர்சூக் அந்தப் படிவத்தை மேசையில் வைத்தார்.

“ஐயா, ‘குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பு’ங்கிற கட்டத்துல ‘இல்லை’ண்டு எழுதியிருக்கீங்க. செவ்வாய்க்கிழம குழு கூடுது. இப்பிடியே போனா முதல் சுத்துலயே தள்ளிருவாங்க. திருத்தி எழுத இன்னொரு போம் வாங்கி வந்திருக்கன்.”

“அப்ப கட்டுகஸ்தோட்டை வீடு எங்க, அத்தான்? யாத்திரை போயிட்டுதோ?” என்றார் சோதிலிங்கம்.

“அது எங்கட வீட்டு விசயம்.”

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் அந்தச் சொந்த வீடு எரிந்ததை நான் மறக்கவில்லை. எரித்தவர்கள் என்னிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டார்கள் என்று அச்சிட்ட தாளில் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

மர்சூக் என்னுடன் வாதாடவில்லை. சிவமணியின் பக்கம் திரும்பினார்.

“சரி மகள், நேர்முகத்துல இதத்தான் கேப்பாங்க. ஆக்கவுரிமை எப்ப செல்லாமப் போகும்?”

“கண்டுபிடிச்சதை எப்பிடிச் செய்யிறது எண்டு முழுக்கச் சொல்லாட்டி, சேர். ஒளிச்சு வச்சால் உரிமை இல்லை.”

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தாள்.

“பிள்ளை பாஸ். அத்தான்தான் பெயில்,” என்றார் சோதிலிங்கம்.

நான் எழுந்து உள்ளே போக நினைத்தேன். பத்மாதேவி வழியில் நின்றாள். இரண்டு வருடமாக அவள் அந்த வீட்டைப் பற்றி வாய் திறந்ததில்லை.

“இஞ்சாருங்கோ, எரிச்சவைதான் வெக்கப்பட வேணும். நாங்கள் ஏன் ஒளிக்க வேணும்?”

நான் திரும்பி வந்து கதிரையில் அமர்ந்து பேனாவைத் திறந்தேன். சொந்த வீடு, கட்டில் மேசை முதலிய தளபாடம், இரண்டு அலுமாரிப் புத்தகங்கள் என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் போல நேராகவே இருந்தது. முடித்ததும் தாளை மகளிடம் நீட்டினேன்.

“வாசிச்சுப் பார்த்திட்டுக் கையெழுத்து வை.”

அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

“அப்பா, என்ர ஆய்வுகூடக் குறிப்புக் கொப்பிகளை விட்டிட்டியள்.”

தன் கையாலேயே அதைச் சேர்த்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் தெரிவுக் கடிதம் வந்தது. இப்போது சனிக்கிழமைகளில் மர்சூக்கின் அலுவலகத்தில் ஆக்கவுரிமை விண்ணப்பம் எழுதப் பழகுகிறாள். கொழும்புப் பாதையில் படையினர் எத்தனை இடத்தில் பஸ்ஸை மறித்து இறக்கிச் சோதித்தாலும், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்து சேர்ந்துவிடுகிறாள். எழுதிய முதல் விண்ணப்பத்தை மர்சூக் ஏழு தடவை திருப்பிக் கொடுத்தாராம். எட்டாவதை ஆக்கவுரிமைப் பதிவுக்காகக் கொழும்புக்கு அனுப்பினார்.

நான் மர்சூக்கின் கையைப் பிடித்து அழுது அந்தப் புலமைப்பரிசிலை வாங்கினேன் என்று உறவினர் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். தெரிவு செய்தது குழு. நான் அழவில்லை. அன்று அவள் கொப்பிகளைச் சேர்த்து எழுதியதைக் கண்டு அழுதவர் சோதிலிங்கம்.