சிவதாணு பிள்ளையின் இரண்டு ஜாக்கிகள்

அவிழ்ந்துபோயிருந்த கால்கட்டை, இறந்து கிடந்த அப்பாவின் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து, செண்பகவல்லி மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இரண்டு ஆட்டோக்களும் ஆரியசாலைச் சந்துக்குள் நுழைந்தன. சந்து ஓர் ஆட்டோவுக்கே காணாது. இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? சைக்கிளில் வந்த பப்படக்காரன் ஓடைக்குள் இறங்கி நின்றான். பந்தலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கி மடித்துக்கொண்டார்கள். இடப்பக்கத்து ஆட்டோ ஒரு முழம் முந்தி வந்து நின்றது.

இரண்டிலிருந்தும் இரண்டு பேர் குதித்தார்கள். இரண்டு பேரும் ஐந்தடிக்குள்தான். கையில் ஆளுக்கொரு ரோஜா மாலை, அவரவர் உயரத்துக்கு. ஒருவரையொருவர் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நீ எங்கலே இங்க?" என்றான் மெட்ராஸிலிருந்து வந்த சொரிமுத்து.

"அத நான் கேக்கணும்" என்றான் பெங்களூரிலிருந்து வந்த வன்னியராஜ்.

செண்பகவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு பேருக்கும் தந்தி அடித்தது அவள்தான்.

"யாருக்கும் தந்தி வேண்டாம் மக்ளே" என்று அம்மா நேற்றே சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. உலகம்மை எதற்கும் ஏன் என்று சொல்கிற பெண்பிள்ளை இல்லை.

சிவதாணு பிள்ளை ஜாக்கி ஏஜெண்ட். திருவனந்தபுரத்தில் இதைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. இந்த ஊரில் குதிரை என்றால் போலீஸ் குதிரை, அதோடு சரி. பந்தயக் குதிரையில் ஏறி ஓட்டுகிறவன் ஜாக்கி. அவனுக்காக விடியற்காலையிலேயே லாயம் லாயமாக ஏறி இறங்கி, குதிரையைப் பழக்குகிறவர்களிடம் பேசிச் சிரித்து, 'சனிக்கிழமை உங்க குதிரையில நம்ம பையன் ஏறட்டும்' என்று கேட்டு வாங்கித் தருகிறவர் ஏஜெண்ட். ஓர் ஏஜெண்டுக்கு ஒரு ஜாக்கி. அதுதான் அந்தத் தொழிலின் மரியாதை. ஜெயிக்கிற குதிரை ஒன்றுதானே இருக்கும்? இரண்டு பேரை வைத்துக்கொண்டால் அதன் முதுகில் யாரை ஏற்றுவது?

சிவதாணு பிள்ளை இரண்டு பேரை வைத்துக்கொண்டார். அதுவும் பதினோரு வருஷம், ஒருவனுக்குத் தெரியாமல் இன்னொருவனை. மெட்ராஸில் பந்தயம் நடக்கிறபோது சொரிமுத்துவுக்கு ஏஜெண்ட், பெங்களூரில் நடக்கிறபோது வன்னியராஜுக்கு. கோடையில் இரண்டு பேரும் ஊட்டிக்கு வந்துவிடுவார்கள். அங்கேதான் மனுஷனின் சாமர்த்தியம். இரண்டு லாட்ஜில் அறை, இரண்டு தடவை ராச்சாப்பாடு, ஒருவனைப் பார்க்க முன்வாசல், மற்றவனைப் பார்க்க லாயத்துப் பின்வாசல். சீசன் முடிந்து வீட்டுக்கு வருகிறபோது அப்பாவுக்கு வயிறு ஒரு சுற்றுக் கூடியிருக்கும். மலைக்காற்று பசியைக் கிளப்பும் என்று சொல்வார். செண்பகவல்லி வெகுநாள் அதை நம்பினாள்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, நீலவேணி என்ற குதிரையை வாய்தவறி இரண்டு பேருக்குமே தருவதாகச் சொல்லிவிட்டார். எடை பார்க்கிற அறைக்கு இரண்டு பேரும் அந்தக் குதிரைக்கு உரிய ஒரே நிறச் சட்டையில் வந்து நின்றார்கள். அதோடு பிள்ளைக்கு ரேஸ் முடிந்தது. நீலவேணியில் மூன்றாவதாக யாரோ ஏறி ஜெயித்தான் என்று கேள்வி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்தவர், ஐந்து வருஷம் சாய்வு நாற்காலியில் கிடந்து கடிதம் எழுதினார். மாதம் இரண்டு கடிதம், இரண்டும் ஒரே நாளில். செக்ரட்டேரியட்டுக்கு வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடுவது செண்பகவல்லிதான். விலாசங்கள் அவளுக்கு மனப்பாடம். உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது ஊரே பார்க்கப்போகிறது.

மாலையைப் போட்டு, காலைத் தொட்டு, ஆளுக்கொரு பாட்டம் அழுது முடித்தபின் சொரிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்தான்.

"அண்ணாச்சி எனக்கு எழுதுன கடுதாசி. கொள்ளி நாந்தான் வைக்கணும்னு கைப்பட எழுதியிருக்காவ."

வன்னியராஜ் தன் பையிலிருந்தும் ஒன்றை எடுத்தான்.

சித்தப்பா தாணுமாலையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். 'அந்தப் பயலை எப்போதோ விட்டாயிற்று. எனக்கு ஆண்பிள்ளை இல்லாத குறையைத் தீர்த்தவன் நீதான். என் கொள்ளி உன் கையால்.' பந்தலில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டாவது கடிதத்தை எடுத்தார். 'அந்தப் பயலை எப்போதோ விட்டாயிற்று' என்று தொடங்கியதுமே பெஞ்சில் ஒருவருக்குத் தோள் குலுங்கியது. அடுத்த வரியில் பெஞ்சே குலுங்கியது. செத்த வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சந்துக்குள் ஓடினார்.

செண்பகவல்லிக்கு முகம் காந்தியது. செத்தும் மானத்தை வாங்குகிறாரே இந்த மனுஷர் என்று ஆத்திரம் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சும் நெற்றியில் திருநீறுமாக, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலக் கிடந்தார்.

தாணுமாலையனுக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். ஆண்வாரிசு இல்லாத அண்ணனுக்கு அவர்தான் கொள்ளி வைப்பதாக இருந்தது. வைத்தால் மீசையை எடுக்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாக எண்ணெய் போட்டு வளர்த்த மீசை.

"கேட்டியா செண்பகம், அண்ணன் எழுதியே குடுத்திருக்கான். அத நாம மாத்தப் பிடாது. இவனுவள்ல ஒருத்தன் வைக்கட்டும்" என்றார்.

"எவன் வைக்கட்டும்?" என்று இரண்டு ஜாக்கிகளும் ஒன்றாகக் கேட்டார்கள்.

தாணுமாலையன் மீசையைத் தடவினார். சொரிமுத்து தலைமாட்டுக்கு வலப்பக்கம் சம்மணம் போட்டான். வன்னியராஜ் இடப்பக்கம். கொள்ளியை வேறு எவனாவது தொட்டால் உடம்பை எடுக்க விடமாட்டேன் என்றான் ஒருவன். தொட்டுப் பார்க்கட்டும் என்றான் மற்றவன். மணி மூன்று ஆயிற்று. சடங்கு செய்ய வந்திருந்த நாவிதர் வேலாயுதன் செண்பகவல்லியைத் தனியே கூப்பிட்டார்.

"குஞ்ஞே, ஞாயிற்றுக்கிழமையாக்கும். நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன எறக்கணும். பின்னே என்னால ஏலாது."

"வேலாயுதண்ணே, ஒருத்தர் குடம் எடுத்துச் சுத்தி, இன்னொருத்தர் கொள்ளி வச்சா என்ன?"

"முறை அதில்லல்லோ. ரெண்டும் ஒரே ஆளு செய்யணும்."

"ரெண்டு பேர் செஞ்சா என்ன வரும்?"

வேலாயுதன் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணும் வராது. ரெண்டு தலை வழிக்கணும், ரெண்டு கோடி வேட்டி வேணும். அவ்வளவுதன்னே."

சொரிமுத்து கால் கழுவக் கிணற்றடிக்கு எழுந்து போனான். செண்பகவல்லி பின்னாலேயே போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது. அலுவலகத்தில் ஒரு நாள் லீவுக்குக்கூடப் பொய் எழுதாதவள். அப்பாவின் பொய்களால் வந்த வெட்கத்திலேயே அப்படி ஆனவள்.

அவன் வாளியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். அண்ணாச்சி கடைசியா என்ன சொன்னாவ?"

அவளுக்குச் சுரீர் என்றது. அந்தக் கேள்வி நேற்றிலிருந்து அவள் தொண்டையிலேயே நிற்கிறது. நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் அப்பாதான் அவளை அனுப்பினார், தம்பானூரில் வழக்கமாகக் குடிக்கிற ஹோட்டல் காப்பி வேண்டும் என்று. பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து, ஓட்டமும் நடையுமாக வந்தாள். பத்து நிமிஷம் பிந்திவிட்டது. பக்கத்தில் அம்மா மட்டும் இருந்தாள். ஏதாவது சொன்னாரா, தன்னைத் தேடினாரா என்று அம்மாவிடம் கேட்கப் பயம். ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மா சொல்லிவிட்டால்? அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதுதானே பதில்? முப்பத்துநாலு வருஷம் அந்த மனுஷருக்கு மகளாக இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை வேண்டாமா?

சொரிமுத்து இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். செண்பகவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பேரைத்தான் சொன்னாரு. வேற யார்ட்டயும் சொல்லிராதீங்க. மத்தவரு பாவம், கேட்டா மனசு விட்டுப்போவாரு."

சொரிமுத்து தலையை ஆட்டினான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"குடம் நீங்க எடுங்கண்ணே. மூணு சுத்துச் சுத்தி உடைக்கணும், அதுக்குத்தான் உரிமைப்பட்ட ஆளு வேணும். கொள்ளி என்ன, குச்சியக் காட்டுறதுதானே? அத அவரு செய்யட்டும்."

"பாவம், செய்யட்டும்" என்றான் சொரிமுத்து பெருந்தன்மையாக.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் அதே கிணற்றடியில் வன்னியராஜ் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றான்.

"மேடம், சார் கடைசியா ஏதாச்சும்..."

இந்தத் தடவை அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குனிந்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பேரைத்தான் சொன்னாரு. வேற யார்ட்டயும் சொல்லிராதீங்க. மத்தவரு பாவம்." பிறகு, "கொள்ளிதான் சார் பெரிசு. குடம் சும்மா தண்ணி சுமக்குறதுதானே?" என்றாள்.

வன்னியராஜும் தலையை ஆட்டினான். ஈரத்தலையிலிருந்து சொட்டியதில் எது கண்ணீர் என்று தெரியவில்லை. செண்பகவல்லி, தன்மேலேயே அருவருப்பு வரும் என்று நினைத்தாள். வரவில்லை. மாறாக, காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. பதினோரு வருஷம் அப்பா இதைத்தான் செய்திருக்கிறார். எத்தனை பேருக்கு எத்தனை ஆசுவாசம்! கிணற்றடிக்கு நேரே இருந்த ஜன்னலில் அம்மாவின் வெள்ளைத்தலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாளோ!

நாலே காலுக்குப் பாடை எழுந்தது. சொரிமுத்து தோளில் மண்குடம். வன்னியராஜ் கையில் கொள்ளிச்சட்டி. இரண்டு பேருக்கும் பளபளவென்று மொட்டைத்தலை, புது வேட்டி. ஒருவன்மேல் ஒருவனுக்கு ஒரே இரக்கம். "பாத்து வா, கல்லு கெடக்கு" என்று ஒருவன் சொல்ல, "நீ பாத்து வாண்ணே" என்று மற்றவன் சொன்னான்.

இரக்கம் சந்து முனை வரைக்கும்தான் தாங்கியது. வன்னியராஜ் அரையடி முந்தினான். சொரிமுத்து அதை ஈடுகட்டி ஒரு சாண் முந்தினான். பழக்கதோஷம், என்ன செய்வது? சாலைக் கடைத்தெருவுக்குள் திரும்பும்போது இரண்டு பேரும் முதுகை வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தார்கள். கொள்ளிச்சட்டிப் புகை பின்னால் நீளமாகப் போயிற்று. குடத்துத் தண்ணீர் தளும்பி ரோடெல்லாம் தெறித்தது. பின்னால் பாடை தூக்கியவர்கள் விட்டுவிடவும் முடியாமல் சேர்ந்து ஓடினார்கள்.

"மெள்ள போங்கலே, சவத்துப் பயலுவளா! அண்ணன் விழுந்திரப் போறான்!" என்று தாணுமாலையன் மீசையும் தானுமாகப் பின்னால் ஓடினார். சிவதாணு பிள்ளை மாலைகளுக்குள் குலுங்கிக் குலுங்கி, ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே சுடுகாட்டுக்குப் போகிற தைக்காட்டு ரோட்டைப் பிடித்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செண்பகவல்லி சிரித்துவிட்டாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். யாரும் பார்க்கவில்லை.

பெண்கள் குளித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அவள் வீட்டைக் கழுவித் தள்ளினாள். அப்பா கிடந்த இடம் ஈரமாகக் கிடந்தது. அடுக்களை மேடையில் நேற்றைய பிளாஸ்க் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். உலகம்மை இன்னும் அந்த ஜன்னலோரத்திலேயே, குளித்த தலை ஆறாமல், உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா."

"ம்."

"அப்பா கடைசியா..."

உலகம்மை ஜன்னலுக்கு வெளியே கிணற்றைப் பார்த்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. இருந்தும் கொஞ்சம் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"உன் பேரைத்தான் சொன்னாரு மக்ளே. வேற யார்ட்டயும் சொல்லிராத."

செண்பகவல்லி தலையை ஆட்டினாள்.

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், புளித்துப்போன காப்பியை வாழைமூட்டில் ஊற்றினாள். கொடியில் ஜாக்கிகள் துவட்டிப் போட்ட இரண்டு ஈரத்துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. எது யாருடையது என்று தெரியவில்லை. இரண்டையும் நன்றாக உதறி, வெயில் இருந்த பக்கமாக நகர்த்திப் போட்டாள்.